முட்டையிலேயே முடிக்க வேண்டிய பூச்சி

சம்பா வயலில் கதிர் வெளிவரும் நேரம். பச்சைக்கு நடுவே சில கதிர்கள் மட்டும் வெளேரென்று விறைத்து நிற்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். நெல்லை நசுக்கினால் பால் இருக்காது, அத்தனையும் சாவி. வெண்கதிர் எனப்படும் இந்தச் சேதம் குருத்துப்பூச்சியின் வேலை. வேளாண் நூல்களில் இதற்கு மஞ்சள் தண்டுத்துளைப்பான் என்று பெயர். 1863-இல் பிரான்சிஸ் வாக்கர் விவரித்த இந்த இனம், புல் அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

பெண் பூச்சியை எளிதில் அடையாளம் காணலாம். மஞ்சள் முன்சிறகு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். ஆண் சிறியது, நிறமும் மங்கல். சில நாளே வாழும் இவை பயிரைத் தொடுவதில்லை. தின்பதெல்லாம் புழுதான்.

இலை நுனியருகே குவியலாக முட்டையிடும் தாய், தன் பின்புற மயிர்க்கற்றையை உதிர்த்து முட்டைகளைப் போர்த்திவிடும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் டெலினோமஸ் என்ற மிகச் சிறிய குளவி அதே மயிர்க்கற்றையில் தொற்றிக்கொண்டு கூடவே வரும். முட்டை வெளிவர வர, போர்வை விழுமுன், அதற்குள் தன் முட்டையைச் செலுத்திவிடும். வயலில் இதைவிடச் சாமர்த்தியமான கூலியில்லா வேலையாள் கிடையாது!

தப்பிய முட்டைகள் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரியும். குஞ்சுப் புழுக்கள் நூல் விட்டுத் தொங்கி, காற்றில் அடுத்த பயிருக்குப் போகும். பிறகு தண்டைத் துளைத்து உள்ளே நுழையும். பெரும்பாலும் தூருக்கு ஒன்றுதான். தூர்கட்டும் பருவமானால் நடுக்குருத்து காயும். அப்போது பயிர் புதுத் தூர் விட்டு ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். கதிர்ப்பருவத்தில் அதற்கு வழியில்லை.

வளர்ந்த புழு தண்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். அதற்கு முன்பே வெளியேறும் துளையைக் குடைந்து, மெல்லிய பட்டுத்திரையால் மூடிவைக்கும். பின்னால் வரப்போகும் அந்துப்பூச்சிக்குக் கடிக்கும் வாய் இல்லையே! அறுவடைக்குப் பின் தாளடியில் தங்கும் புழுக்களும் உண்டு. உடனே உழுவது அதனால்தான்.

சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் தென்பட்டாலே நடவடிக்கை தேவை என்கிறது வேளாண் பரிந்துரை. நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நட்டால் நாற்றங்காலில் இட்ட முட்டைகள் வயலுக்குப் போகாது. நட்ட பிறகு டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியை விடலாம். வெண்கதிரைப் பார்த்த பிறகு மருந்தடிப்பது வீண்செலவு. காய்ந்த கதிர் திரும்பாது.