காய்ச்சல் இல்லாத சீக்கு

தோட்டத்தில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்பதை ஒரு காலத்தில் தெர்மாமீட்டர்தான் முடிவு செய்தது. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், நிற்க முடியாதவர் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரிடம் போக வேண்டும். பாதரசம் ஏறியிருந்தால் மருந்தும் ஓய்வும். ஏறாவிட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு தீம்பாருக்குக் கிளம்ப வேண்டியதுதான். லாபு பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் பாட்டி, "காய்ச்ச இல்லேன்னா சீக்கு இல்ல" என்பார். எங்கள் குடும்பத்தில் அதுதான் சட்டம்.

நான் சிரம்பான் வட்டாரத்தில் தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடியும் சட்டைப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுப்பது போன்ற வேலை. ஆனால் சில ஆண்டுகளாக வேறு விதமான ஆட்களும் வருகிறார்கள். இவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, இரத்தப் பரிசோதனையில் குறை இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. குளித்துவிட்டு வந்தால் தலை துவட்டக் கையைத் தூக்க முடியாது, அவ்வளவுதான். உட்கார்ந்ததும் பலர் சொல்வது ஒன்றையே: "மிஸி, நான் சோம்பேறி இல்ல."

அவர்களில் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். செம்பனைக்கு மாறிவிட்ட பழைய கித்தாத் தோட்டத்தில் லயத்து வீடு. விடிவதற்குள் வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறி செனாவாங் தொழிற்சாலைக்குப் போவார். 2021 ஆகஸ்டில், மலேசியாவில் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று பதிவான அந்த அலையில், அவருக்கும் கோவிட் வந்தது. வீட்டிலேயே இருந்து தேறினார். பிறகுதான் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருப்பார். வாரமெல்லாம் விட்டுப்போன வேலையை ஒரே நாளில் முடிப்பார், துணி, கூட்டிப் பெருக்குவது, ஆட்டுக்கறி எல்லாம். செவ்வாய்க்கிழமை படுக்கையை விட்டு எழ முடியாது. மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். கணவருக்கு, வேலைக்குப் போக மனமில்லையோ என்று சந்தேகம்.

செவ்வாயையும் ஞாயிறையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கோவிட்டுக்குப் பின் சிலருக்குத் தங்கிவிடும் இந்தச் சோர்வு நோயின் வஞ்சகம் அதுதான். சக்திக்கு மீறி உழைத்ததற்கான தண்டனை பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் வரும். வந்தால் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் கிடத்திவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வேளாவேளைக்குச் செய்ததையும், உடம்பு எப்படி இருந்தது என்பதையும் எழுதச் சொன்னேன். மகள் எழுதினாள். சில வாரம் போனதும் கணவரே பக்கங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் ஞாயித்துக்கிழமதான் ஆரம்பிக்குது" என்றார். நான் அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அவருக்குப் புரிந்த பாஷையில் பேசினேன். பால்மரத்தை ஒரே பக்கமாகத் தினமும் வெட்டுவார்களா? இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு. அடங்காமல் வெட்டினால், மருந்து தடவிப் பாலை இழுத்தால், கடைசியில் பட்டை வறண்டு ஒரு சொட்டும் வராது. "ஆமா" என்றார். மரத்துக்கு அந்த ஓய்வு கிடைத்தது. வெட்டிய என் பாட்டிக்கு அடுத்த பக்கத்து மரங்கள் காத்திருந்தன.

சோம்பேறிப் பட்டம் நம்மவர்களுக்குப் புதிதல்ல; அதற்குப் பின்னால் நோய் இருந்ததும் புதிதல்ல. ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜியில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. கொக்கிப்புழு குடலில் இரத்தத்தைக் குடிக்கும். மலேரியா இரத்த அணுக்களை உடைக்கும். இரண்டும் சேர்ந்த தொழிலாளி எப்படி ஓடியாடுவார்? ஆகவே இன்றும் முதல் வேலை, மருந்துள்ள காரணம் எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று மருத்துவர் தேடுவது: இரத்தசோகை, தைராய்டு, சிறுநீரகம், காசநோய், தூக்கத்தில் மூச்சு நிற்பது. முக்கியமாகச் சர்க்கரை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இவற்றில் ஒன்று அகப்பட்டால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான், மாத்திரை இருக்கிறதே.

கிருமி போன பிறகும் சோர்வு தங்கிவிடும் என்பதை நெகிரி செம்பிலான்காரர்கள் எளிதில் நம்ப வேண்டும். 1998 கடைசியில் சிகாமட்டிலும், பிறகு புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பக்கத்துப் பன்றிப் பண்ணைகளிலும் பரவிய மூளைக்காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நம் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா என்றே பெயர் வைத்தார்கள். நாடு முழுவதும் 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்ந்த 94 பேரில் 14 பேருக்கு நரம்புக் குறை நிலைத்துவிட்டது. சிலருக்கு மாதங்கள் கழித்து நோய் திரும்பியது. சோர்வைப் பற்றிக் கேட்டது பங்களாதேஷில் 22 நிப்பா நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வு: ஏறக்குறைய எல்லாருமே முடக்கிப்போடும் சோர்வைச் சொன்னார்கள், பலருக்கு மாதக்கணக்கில்.

"நடங்க, நடந்தா சரியாப்போவும்" என்பது அக்காவுக்குக் கிடைத்த அறிவுரைகளில் ஆகக் கெட்டது என்பேன். இதய நோயாளிக்கு அது அருமருந்து. அதனால்தான் சொல்பவர்கள் தயங்குவதில்லை. நாள்பட்ட சோர்வு நோய்க்கு உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 2007இல் பரிந்துரைத்த பிரிட்டனின் நைஸ் அமைப்பே 2021 அக்டோபரில் வெளியிட்ட புதிய மருத்துவ வழிகாட்டியில் அதைக் கைவிட்டது. மனநல ஆலோசனை துணைக்கு உதவும், நோயைத் தீர்க்காது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. கோவிட்டுக்குப் பின் நீடிக்கும் சோர்வு எல்லாம் இந்த வகையல்ல. சிலருக்குப் பயிற்சி உதவுகிறது. வேலை செய்த மறுநாளோ மூன்றாம் நாளோ விழுந்துவிடுகிறாரா என்று கேட்காமல் யாரையும் நடக்க அனுப்பக் கூடாது என்பதே என் கட்சி.

நான் செய்வதெல்லாம் சின்னச் சின்னக் காரியம். அடுப்படியில் உயரமான நாற்காலி. வெங்காயம் உரிப்பதும் தாளிப்பதும் உட்கார்ந்தே. குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலி. துணி ஒரு நாள், கறி இன்னொரு நாள். கைப்பேசியில் அலாரம்: அடித்ததும், நன்றாக இருந்தாலும், குறிப்பாக நன்றாக இருந்தால், நிறுத்த வேண்டும். இதுதான் அக்காவுக்குக் கடினம். தீபாவளி முறுக்கைப் பாதியில் விட்டுப் படுப்பதாவது! இறுதியில் மகள் பிழிந்தாள், கணவர் சுட்டார், கொஞ்சம் கருகியது.

வேலைதான் பெரிய சிக்கல். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள்தான் சம்பளத்தோடு எம்.சி.; மருத்துவமனையில் படுத்தால்தான் 60. அக்காவுக்கு 22 நாள் பாதி ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். 2023 ஜனவரி முதல் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் கேட்கலாம்; முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். என் அறிக்கையை இணைத்து, உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டோம். அந்தப் பிரிவில் இடமில்லை என்று மறுப்பு வந்தது. சரி, புதன்கிழமை மட்டும் விடுங்கள் என்று மறுபடி எழுதினோம். கொடுத்தார்கள், சம்பளம் இல்லாமல். அந்த ஒரு நாள் காசை எங்கே பிடிப்பது என்று அவரும் கணவரும் என் மேசைக்கு முன்னாலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு என்னிடம் பயிற்சி ஒன்றும் இல்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.