தீவிலே ஒரு கோடை

எங்கள் மார்க்கையன்கோட்டையில் கோடை எப்போது முடிகிறது என்று கேட்டால் யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை. வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்கு எட்டு நாள் சித்திரைத் திருவிழா நடந்து, அக்கினிச் சட்டி ஏந்தியவர்களெல்லாம் முல்லையாற்றில் முழுகி வீடு திரும்பிவிட்டால் பாதிக் கோடை போயிற்று என்று அர்த்தம். ஜூன் மாதத் தொடக்கத்தில் பெரியாற்று அணையின் தண்ணீர் கால்வாய்களில் வந்து, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டால் மீதிப் பாதியும் போயிற்று. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நாட்களில்தான் உபாத்தியாயருக்கு ஓய்வு. அந்த ஓய்வில் வீட்டிலுள்ளவர்கள் அவரைச் சும்மா இருக்க விடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

2023-ஆம் வருஷத்துக் கோடையில் வெயில் எவ்வளவு உக்கிரமாக இருந்தது என்றால், பள்ளிக்கூடம் திறக்கும் தேதியைச் சர்க்கார் இரண்டு தடவை தள்ளிப் போட்டார்கள். ஜூன் முதல் தேதி என்பது ஏழாம் தேதியாகி, பிறகு பன்னிரண்டாம் தேதியாயிற்று. மே மாதக் கடைசி வாரத்தில் நம் பெண், "அப்பா, மலையையே பார்த்துக் கண் பூத்துவிட்டது, கடலைக் காட்டுங்கள்" என்று பிடிவாதம் பிடித்தாள். நம் இல்லாளோ ராமநாதசுவாமிக்கு நேர்ந்துகொண்ட ஒரு பழைய பிரார்த்தனையை ஞாபகப்படுத்தினாள். இரண்டு கட்சிகளும் ஒரே ஊரைக் குறிப்பிட்டபோது எதிர்த்துப் பேச நமக்கு வழியில்லை. ராமேசுவரத்துக்குப் புறப்பட்டோம்.

அகலப் பாதை வேலைக்காக 2010-ஆம் வருஷக் கடைசியில் நின்றுபோன ரயில், 2022 மே மாதத்தில்தான் தேனிக்கு மறுபடி வந்தது. ஆகையால் தேனி ஸ்டேஷனில் ரயில் ஏறுவதே குழந்தைகளுக்கு ஒரு திருவிழாவாக இருந்தது. மதுரையில் வண்டி மாறினோம். ஆனால் அந்தச் சமயத்தில் ரயில் தீவுக்குள் போகவில்லை. 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் தள்ளாமையினால் 2022 டிசம்பரோடு ஓய்வு பெற்றுவிட்டது. அதன் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. ஆகவே மண்டபத்தில் இறங்கி பஸ் ஏறி, 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் கடலைக் கடந்தோம். நம் பெண் ஜன்னலில் முகத்தை வைத்தவள், அக்கரை சேரும் வரையில் வாயே திறக்கவில்லை. இது நம் வீட்டில் அபூர்வமாக நிகழும் சம்பவம்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. முல்லையாறு வைகையில் கலந்து, மதுரையைத் தாண்டி, ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நோக்கிப் போகிறது. அந்த ஆறு போகும் திசையிலேயே நாமும் போய், அது எட்டாத மணல் தீவில் கால் வைத்தோம். இந்தத் தீவில் ஏர் பூட்டி உழுவதில்லை என்பது பழைய வழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருபோகம் விளையும் மண்ணிலிருந்து வந்த நமக்கு அது விநோதமாகப் பட்டது. உழுவதற்குப் பதிலாக இவர்களுக்குக் கடல் இருக்கிறது.

அந்தக் கடலுக்கும் அப்போது விடுமுறைதான். கீழைக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பது காரணம். முன்பு 45 நாளாக இருந்த தடை, 2017 முதல் இவ்வாறு நீண்டிருக்கிறது. துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நின்றன. சில கரையேற்றப்பட்டு, பலகை இடுக்குகளை அடைத்துக்கொண்டு, புது வர்ணம் பூசிக்கொண்டிருந்தன. படகு சும்மா இருந்தாலும் படகுக்காரன் சும்மா இருப்பதில்லை. வலை முடிகிறான், கடன் வாங்குகிறான், கல்யாணம் பேசுகிறான், வீட்டைப் பழுது பார்க்கிறான். தீவில் வீட்டைப் பற்றிய பேச்செல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் பலமாக நடக்கிறது. டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில், பட்டா என்ற சொல்லை நாம் முப்பது தடவையாவது கேட்டிருப்போம்.

நாம் போன சமயம் ராமலிங்கப் பிரதிஷ்டைத் திருவிழா நடக்கும் சமயமாக வாய்த்தது. வைகாசியிலோ ஆனியிலோ வளர்பிறை தசமியை ஒட்டி வரும் இந்த உற்சவம் மூன்று நாள். முதல் நாள் திட்டகுடியில் ராவண சம்ஹாரம்; மூன்றாம் நாள் கோவிலில் ராமலிங்கப் பிரதிஷ்டை. நடு நாளில்தான் நமக்கு ருசி அதிகம். அன்று ராமபிரான் தனுஷ்கோடி வழியிலுள்ள கோதண்டராமர் கோவிலுக்கு எழுந்தருளுகிறார். விபீஷணனுக்கு அங்கே பட்டாபிஷேகம் நடக்கிறது. இருபுறமும் நீர் பரந்து கிடக்க, உச்சி வெயிலில் ஜனங்கள் குடையும் துண்டுமாக நிற்கிறார்கள். அண்ணனை விட்டு, ஊரை விட்டு, அடைக்கலம் என்று கடல் தாண்டி வந்து நின்றவனுக்கு இந்தக் கரையில் கிரீடம் சூட்டுகிறார்கள். 2022-ஆம் வருஷத்தில் இலங்கையில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் பஞ்சம் வந்தபோது குழந்தை குட்டிகளோடு தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்து இறங்கிய குடும்பங்களை நினைத்துக்கொண்டோம். அவர்களை மண்டபம் முகாமுக்கு அழைத்துப் போனார்கள்.

இந்தத் திருவிழாவோடு தீவின் கோடை முடிந்துவிடுவதில்லை. ஜூலை மாதத்தில் தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோவில் திருவிழா. எல்லா மதத்தினரும் சேருகிறார்கள். ஆடியில் பெரிய கோவிலில் 17 நாள் திருக்கல்யாணம். அவற்றுக்கெல்லாம் நமக்கு விடுமுறை ஏது!

பட்டாபிஷேகம் முடிந்த பிற்பகலில் தனுஷ்கோடிக்குப் போனோம். 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையில் ஒன்பதரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு நல்ல சாலை திறந்துவிட்டார்கள். அதற்கு முன் மணலில் வேன் புதையப் புதையப் போக வேண்டும். இப்போது அரை நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து, சிதைந்த மாதா கோவிலின் முன் போட்டோ எடுத்துக்கொண்டு, பொரித்த மீன் தின்று போகிறார்கள்.

1914 முதல் இங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் போயிற்று. ரயில் ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபாலாபீஸ் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குப் பலியாயிற்று. பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்கள் பெரும்பாலும் கடலில் விழுந்தன. அவற்றைத் தேடியெடுத்து 46 நாளில் பாலத்தைச் செப்பனிட்டவர் ஸ்ரீ ஈ. ஸ்ரீதரன். பாலத்தைச் செப்பனிட்டார்கள், ஊரைச் செப்பனிடவில்லை. மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று தனுஷ்கோடியைச் சர்க்கார் அறிவித்துவிட்டார்கள்.

வசிக்கத் தகாத அந்த இடத்தில் ஜனங்கள் வசிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். கம்பிப்பாடு, பாலம் என்ற பகுதிகளில் பனையோலைக் குடிசைகளைக் கண்டோம். ஒரு குடிசையின் நிழலில் உட்கார்ந்து சிப்பி கோத்துக்கொண்டிருந்த மூதாட்டி, நம் குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவு இனிப்பான தண்ணீரை அங்கே நாம் எதிர்பார்க்கவில்லை.

"ஆத்தா, இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?" என்று கேட்டோம்.

"எங்கேயிருந்து வரும் தம்பி? காலடியிலேதான்" என்று சொல்லி, பத்தடி தள்ளியிருந்த மணற் குழியைக் காட்டினாள். ஆள் இடுப்பளவு ஆழம்கூட இராது. நீர் ஊற ஊற அகப்பையால் முகந்து குடத்தில் ஊற்றுகிறார்கள்.

வகுப்பில் பௌதிகம் நடத்துகிறவனுக்கு இதைக் கண்டு வாய் சும்மா இருக்குமா? மழைநீர் மணலுக்குள் இறங்கினால், அது கடல்நீரைவிட லேசானதாகையால் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல நீர் நிற்கும் என்பது கணக்கு. அகப்பையால் முகக்கிற வரையில் அது குறையாது. குழாய் இறக்கி யந்திரத்தால் உறிஞ்சினாலோ, மேலே ஓரடி குறைய, கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வந்துவிடும். குழந்தைகள் கேட்டுக்கொண்டார்கள். மூதாட்டி சிரித்தாள். "மோட்டார் போட்டால் உப்பாகிப் போகும் என்று எங்கள் ஐயா அந்தக் காலத்திலேயே சொல்வாரே!" என்றாள்.

புயல் வந்தபோது அவளுக்குப் பத்து வயது. வீட்டாரோடு உயரமான மணல் மேட்டில் இரவு முழுவதும் கிடந்ததாகச் சொன்னாள். அதற்கு மேல் அந்த இரவைப் பற்றி நாம் கேட்கவில்லை. பிற்பாடு ராமேசுவரத்தில் நடராஜபுரம் என்ற குடியிருப்பில் அவள் குடும்பத்துக்கும் இடம் கிடைத்தது.

"அப்படியிருக்க இங்கே ஏன் திரும்பி வந்தீர்கள்?" என்று நம் இல்லாள் கேட்டாள்.

"ஒரு வீட்டிலே எத்தனை பேர் இருக்கிறது, தாயி? அண்ணன் தம்பி நாலு பேர், அவர்கள் பிள்ளைகள்... மீனும் இங்கேதானே இருக்கிறது? கரைவலை இழுக்கிறவன் விடிவதற்கு முன் கரையில் நிற்க வேண்டும். டவுனிலிருந்து பஸ் பிடித்து வந்தால் மீன் காத்திருக்குமா?"

விசைப்படகுக்குத்தான் தடைக்காலம், கரைவலைக்கும் நாட்டுப் படகுக்கும் இல்லை. ஆகையால் கோடையிலும் இவர்களுக்குக் கஞ்சி கிடைக்கிறது. கிடைக்காதது வீடு. பேரன் கல் வீடு கட்ட வேண்டுமென்று துடிக்கிறானாம். மனுக் கொடுத்த காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, கூரைச் சலாகையில் செருகி வைத்திருந்தாள். இறக்கிக் காட்டினாள். உப்புக் காற்றில் முனைகள் பழுத்திருந்தன. வீட்டுக்கு உதவி செய்யும் திட்டம் எதுவானாலும் முதல் கேள்வி, உன் மனைக்குப் பட்டா இருக்கிறதா என்பதுதான். நாம் திரும்பி வந்தபின், 2024-இல் தமிழ்நாடு சர்க்கார் கிராமங்களில் குடிசைகளை ஒழிக்க, 'கலைஞரின் கனவு இல்லம்' என்ற பெயரில் 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்று அறிவித்தார்கள். வீடொன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 360 சதுர அடி. நல்ல காரியந்தான். ஆனால் யாரும் வசிக்கவில்லை என்று ஏட்டில் எழுதியிருக்கும் இடத்தில் பட்டா எப்படிப் பிறக்கும்? கடலோர ஒழுங்கு விதிகள் வேறு 1991 முதல் அலைக்கரையை ஒட்டிக் கட்டுவதைத் தடுக்கின்றன. பரம்பரைக் கடலோடிகளின் குடியிருப்புக்கு 2011-இல் கொஞ்சம் இடம் விட்டார்கள். இந்த மூதாட்டியின் குடிசையோ, அலைச்சத்தம் காதில் விழும் தூரத்தில் இருக்கிறது.

சட்டத்தை மட்டும் குறை சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. 1964-ஐ நினைத்தால் இந்த இடத்தில் மாடி வீடு கட்டு என்று யார் துணிந்து சொல்வார்கள்? அந்த மே மாதத்திலேதான் மோக்கா என்ற புயல் வங்கக் கடலில் எழும்பிப் பர்மாக் கரையைத் தாக்கியிருந்தது. அது வடக்கே போயிற்று. எப்போதும் வடக்கேயே போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தவிர, இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டை உப்புக் காற்று வெகு சீக்கிரம் தின்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கிறது. பருத்துக் காரையைப் பிளக்கிறது. புதுக் கட்டிடங்கள் சிலவற்றில் அந்த வெடிப்பை நாமே கண்டோம். ஸ்ரீ அப்துல் கலாம் பிறந்த மசூதித் தெரு வீடு சுண்ணாம்பும் செங்கலுமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். அதை மறுநாள் பார்த்தோம். சுண்ணாம்புச் சுவர், தாழ்ந்த கூரை, காற்றுக்கு வழி, புயல் வருகிறதென்றால் ஓடிச் சேர அருகிலே உறுதியான ஒரு பொதுக் கட்டிடம். இவ்வளவுக்கு ஒரு திட்டம் போட முடியாதா என்று நமக்குத் தோன்றியது. பயணிகளுக்குச் சாலை போட முடிந்ததே! அந்தச் சாலையைப் போட்டவர்கள், அதன் இருபுறமும் ஆட்கள் இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் போட்டிருக்க வேண்டும்.

பனையோலைக் குடிசையைக் கேவலமாக நினைக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வெளியே மணல் பொரிந்தது. உள்ளே நம் இரண்டாவது பிள்ளை பாயில் படுத்துத் தூங்கியே போனான். வருஷத்துக்கு வருஷம் ஓலை மாற்ற வேண்டும், மழையில் ஒழுகும், தீ என்றால் பயந்தான். "பேரனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் குடிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்" என்று மூதாட்டி சொன்னபோது, பௌதிகம் பேசிய உபாத்தியாயருக்குப் பதில் ஒன்றும் அகப்படவில்லை.

அங்கே ஓர் அரசாங்க நடுநிலைப் பள்ளியும் இருக்கிறது. கோடையாதலால் பூட்டியிருந்தது. இருந்தாலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காமல் வர நம் தொழில் விடவில்லை. வசிக்கத் தகாத ஊருக்கு வாத்தியார் மட்டும் தினம் வருகிறார்! இந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய் அதிகாரிகளின் மேஜைமேல் வைத்தால் போதாதா, இங்கே குடும்பங்கள் இருக்கின்றன என்பதற்கு?

பிற்பாடு வந்த செய்தி ஒன்று உண்டு. 2025 ஜூன் 5-ஆம் தேதி, தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைப் பறவைகளின் சரணாலயமாக அறிவித்தார்கள். வெகு தூரத்திலிருந்து வரும் பறவைக்கு இடம் கொடுத்ததில் நமக்குச் சந்தோஷமே. பத்திரிகையில் படித்தவுடன் நம் பெண் கேட்டாள்: "அப்பா, அந்த ஆத்தாவின் வீடு அந்த அளவுக்குள் வருகிறதா, வெளியிலா?"

அன்றைக்கு வெயில் தாழ்ந்ததும் போலீஸ்காரர் வந்து விசில் ஊதினார். இருட்டுவதற்குள் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட வேண்டும் என்பது அங்கே விதி. பஸ்களும் வேன்களும் வரிசையாக ராமேசுவரம் நோக்கித் திரும்பின. மூதாட்டி நம் இல்லாளின் கையில் ஒரு சிப்பி மாலையைத் திணித்து, காசு வாங்க மறுத்துவிட்டாள். "அடுத்த கோடைக்கு வாங்க, தாயி. இங்கேதான் இருப்போம்" என்றாள். வண்டி நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தோம். மின்சாரக் கம்பம் எதுவும் தென்படவில்லை. குடிசைகளில் சூரிய விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. நம் பெண் அவற்றை எண்ணிக்கொண்டே வந்தாள். சாலை வளைந்தபோது கணக்கு முப்பத்தொன்றில் நின்றது.