இடைத்தேர்தலில் ஜெயித்தால் நாடு முழுக்க அலையா? அமெரிக்கக் கணக்கு இதுதான்!

அமெரிக்காவில் எம்.பி. இடம் காலியானால் நடப்பது 'ஸ்பெஷல் எலெக்‌ஷன்'. நம்மூர் இடைத்தேர்தல் மாதிரிதான். ஜெயித்த கட்சி "நாடே எங்க பக்கம்" என்று சொல்லும். தோற்ற கட்சி "அது லோக்கல் மேட்டர்" என்று சமாளிக்கும். எதை நம்புவது?

ஒரே ஆண்டு, இரண்டு சிக்னல்

2010 ஜனவரியில், ஜனநாயகக் கட்சியின் கோட்டையான மாசசூசெட்ஸில் செனட் இடத்தைக் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் தட்டிப் பறித்தார். மே மாதம் பென்சில்வேனியாவின் 12-வது தொகுதியில் ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. ஆனால் நவம்பரில் அதே கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. மே மாத வெற்றியை அலை என்று நம்பியவர்கள் ஏமாந்துபோனார்கள்.

ஏன் இப்படி?

இடைத்தேர்தலில் பொதுவாகவே வாக்குப்பதிவு குறைவு. வேட்பாளர் யார், உள்ளூர்ப் பிரச்சினை என்ன, எந்தக் கட்சிக்காரர்கள் வேகமாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் ரிசல்ட்டையே மாற்றிவிடும்.

அப்போ எதைப் பார்க்கணும்?

ஓட்டு வித்தியாசத்தை. ஜார்ஜியாவின் 6-வது தொகுதியில் 2016-ல் குடியரசுக் கட்சி சுமார் 23 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. 2017 இடைத்தேர்தலிலும் அதே கட்சிதான். ஆனால் வித்தியாசம் 4-க்கும் கீழே இறங்கியது. 2018-ல் தொகுதியே கைமாறியது. பிரதிநிதிகள் சபையும் ஜனநாயகக் கட்சி வசம் போனது.

இதற்கும் ஒரு தொகுதி போதாது. பல இடைத்தேர்தல்களில் வித்தியாசம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் ட்ரெண்ட் பற்றியே பேசலாம்.