பற்ற வைத்தது யார்?



என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன். அவனுடைய தந்தைக்கு நெய்வேலியில் பணி. ஒரு நாள் அவன் கேட்டான்: "ஹஸ்ரத்! தீக்குச்சி கிழிக்காமலேயே கரிக்குவியல் புகையும் என்று அத்தா சொல்கிறார்கள். அதைப் பற்ற வைப்பது யார்?"

நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன். வேதியியல் நூல்களைப் புரட்டிய பின்னரே அவனுக்கு விடை கூற முடிந்தது. அவ்விடை நம் இல்லங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் நெய்வேலியில் தமது நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பு நிறப் பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் அரசு நிறுவனம் அமைந்தது. 1961இல் சுரங்கத்தில் கரி எட்டப்பட்டது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது.

நெடுங்காலம் காற்றுப்படாமல் பூமிக்குள் கிடந்த இக்கரி, வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு, அதாவது பிராணவாயுவோடு, மெல்ல மெல்லச் சேரத் தொடங்குகிறது. இதுவே ஆக்ஸிஜனேற்றம். இதில் சிறிது வெப்பம் பிறக்கிறது. மெல்லிய அடுக்காயின் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். பெருங்குவியலின் உள்ளே அதற்கு வழியில்லை. வெப்பம் சேரச் சேர வினையும் விரைவடைகிறது. இறுதியில் புகையும் நெருப்பும் தோன்றுகின்றன. ஆகவே பற்ற வைப்பது காற்றேயன்றி வேறு எவருமல்லர். இதனாலேயே கரியை நெடுநாள் தேக்கி வைப்பதில்லை. உள்ளே காற்றுப் புகாதவாறு குவியலை இறுக்கி அழுத்துகிறார்கள்.

கொடுப்பதும் பெறுவதும்

உங்கள் வீட்டு இரும்புக் கதவு துருப்பிடிப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த வினைதான். கரி எரிவது வேகமானது, துரு மந்தமானது. இரும்பின் அணுக்கள் தம்மிடமுள்ள எலெக்ட்ரான்களை இழக்கின்றன. ஈரத்தின் துணையோடு ஆக்ஸிஜன் அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. இழப்பது ஆக்ஸிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். வாங்குபவர் இல்லாமல் கொடுப்பவர் இல்லை என்பது போல, இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே நிகழும்.

இதைத் தலைகீழாக்கினால் இரும்பே கிடைக்கும்! ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழங்கால இரும்பு உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டுள்ளன. அத்தகைய உலைகளில் தாதுவையும் மரக்கரியையும் சேர்த்து எரித்தனர். தாதுவிலிருந்த ஆக்ஸிஜனைக் கரி தன்பால் இழுத்துக்கொண்டது. இரும்பு தனித்து நின்றது. அங்கே கரிக்கு நேர்ந்தது ஆக்ஸிஜனேற்றம். தாதுவுக்கு நேர்ந்தது ஒடுக்கம். துரு என்பதோ, இரும்பு தன் தாது நிலைக்கே திரும்பிச் செல்லுதல்.

வீட்டில் ஓர் எச்சரிக்கை

தாய்மார்களே! பிள்ளை பெற்ற வீடுகளில் சாம்பிராணி போடவும், மழைக்காலத்தில் குளிர் போக்கவும் கனலும் கரிச்சட்டியை அறைக்குள் வைக்கிறோம். போதிய காற்று இருந்தால் கரி முழுமையாக எரிந்து கரியமில வாயுவாகிறது. கதவும் சன்னலும் அடைத்த அறையில் ஆக்ஸிஜன் குறைந்துவிடுகிறது. அப்போது கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயு மிகுதியாக உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வதை அது தடுத்துவிடும். உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரும்.

எனவே கரிச்சட்டி உள்ளே இருக்கும்வரை கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள். உறங்குமுன் சட்டியை வெளியே எடுத்து விடுங்கள். சாம்பல் மூடியிருப்பதால் அணைந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தலைவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே அனைவரும் வெளிக்காற்றுக்கு வந்து, தாமதியாது மருத்துவரை நாடுங்கள்.

இவ்வளவையும் கேட்ட என் மாணவன், "வீட்டுக்குப் போனதும் உம்மாவிடம் சொல்கிறேன், ஹஸ்ரத்!" என்றான். நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.