உடைந்த இல்லமும் உறவுச்சொற்களும்

குடும்பச் சிக்கல்களைச் சித்திரிக்கும் நவீன நாடகங்களை உளப்பகுப்பாய்வு நோக்கில் அணுகுவோர் தந்தையின் அதிகாரத்தையே பெரிதும் அடிப்படையாகக் கொள்வர். 1900ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த கனவு பற்றிய நூலில் ஃபிராய்டு ஈடிபஸ், ஹாம்லெட் ஆகிய நாடகங்களைக் கொண்டே தம் கருத்தை விளக்கினார். ஆயின், அதிகாரம் தந்தையிடம் இல்லாத சமூகத்தில் இவ்வளவுகோல் பொருந்துமா? தாய்வழிச் சமூகமாகிய டிரோபிரியாண்டுத் தீவினரை ஆராய்ந்த மாலினோவ்ஸ்கி, அங்கு மகனின் பகைமை தாய்மாமனையே சார்கிறது என 1927இல் எழுதிய நூலில் வாதிட்டார். ஏர்னஸ்ட் ஜோன்ஸோ, தந்தைமீதுள்ள பகையே மாமன்மீது இடம்பெயர்கிறது என்றார்.

இவ்விவாதத்தைத் திருவனந்தபுரத்து நாடகாசிரியர் என். கிருஷ்ணபிள்ளையின் (1916–1988) படைப்புகள் கூர்மையாக்குகின்றன. 'உடைந்த இல்லம்' எனப் பொருள்படும் 'பக்னபவனம்' (1942) மாதவன் நாயரையும் அவர்தம் மூன்று மகளிரையும் பற்றியது. மூத்தவளாகிய ராதை காதலைக் கைவிட்டு வேறொருவனை மணந்து மனம் பேதலிக்கிறாள். 'கன்யகா' (1944), குடும்பம் தன் வருவாயை நம்பியிருப்பதால் திருமணம் தள்ளிப்போகும் பெண்ணைக் காட்டுகிறது.

இவற்றை ஒடுக்கப்பட்ட விருப்பத்தின் விளைவு என்று மட்டும் கூறுதல் குறையுடைத்து. நாயர் தறவாட்டில் ஆட்சி, காரணவராகிய தாய்மாமனுக்கு உரியதாயிருந்தது. திருவிதாங்கூரின் 1925ஆம் ஆண்டு நாயர் சட்டமே தறவாட்டுச் சொத்தைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வழிவகுத்தது. எனவே 1942இல் மேடையில் தோன்றும் தந்தையின் அதிகாரம் இளையது, வேர்கொள்ளாதது. அவ்வில்லத்தின் பதற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவது இங்குதான். மலையாள 'அம்மாவன்' பொதுத்தமிழில் 'மாமா' ஆகும்போது மாமனாரும் அச்சொல்லில் அடங்கிவிடுகிறார். தாய்மாமன் என்று விளக்கினாலும் தமிழ் வாசகருக்குச் சீர்வரிசையே நினைவுக்கு வரும், சொத்தாட்சி வராது. 'அச்சன்' என்பது 'தந்தை' ஆகும்போதோ, மூலத்தில் இல்லாத பழம்பெரும் அதிகாரம் வந்துசேர்கிறது.

இதற்குத் தீர்வு தமிழிலேயே உண்டு. ஆய் வேளிரின் துறைமுகமாயிருந்த விழிஞ்ஞத்துக்குத் தென்கிழக்கே உள்ள நாஞ்சில் நாட்டில், வேளாளரிடையேயும் மருமக்கள்வழி நிலவியது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மாற்றியது. அவ்வழக்கத்தை எள்ளிக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' இயற்றினார். 'காரணவன்', 'மருமக்கள்வழி' ஆகிய சொற்கள் அவ்வட்டாரத் தமிழுக்கு உரியன. அவற்றை ஆளும் மொழிபெயர்ப்பில் மாமனின் ஆட்சியும் தந்தையின் புதுமையும் தமிழ் வாசகருக்குப் புலப்படும். பாத்திரங்களின் உள்ளத்தை ஆராயுமுன் அவர்தம் உறவுச்சொற்களை ஆராய்தல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும்.