பங்கு பிரியாத நிலமும் பேசாத அண்ணன் தம்பியும்

குடும்பக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சண்டையில்தான் தொடங்குகிறார்கள். மாமியார் ஒன்று சொல்ல, மருமகள் இரண்டு சொல்ல, கதவு படாரென்று சாத்தப்படும். வாசகர் அசைய மாட்டார். அந்த வீட்டில் எது பங்கு பிரியாமல் கிடக்கிறது என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அதைத்தான் முதலில் சொன்னார். முசிறியில் பிறந்து, மின்பொறியாளரான கணவரோடு நீலகிரியில் வாழ்ந்தவர் அவர். அந்த மலையில் வாழும் படகர் மக்களோடு பழகி அவர் எழுதிய ‘குறிஞ்சித்தேன்’ நாவல் 1963இல் வெளிவந்தது. ஒரே ஹட்டியில், அதாவது படகர் ஊரில், இரண்டு சகோதரர்கள். அவர்களுடைய மகன்கள் ஜோகியும் ரங்கனும். ராகியும் சாமையும் விளைந்த மலையில் உருளைக்கிழங்கும் தேயிலையும் ஏறி, விளைச்சல் காசாக மாறுகிற காலம். ஜோகி கோயில் பணிக்கும் மண்ணுக்கும் கட்டுப்படுகிறான். ரங்கன் காசைத் தேடி ஊட்டிக்கு ஓடுகிறான். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் அவன் வீட்டு இல்லாமை இருக்கிறது; அதனால் அவனை வெறும் கெட்டவன் என்று ஒதுக்கிவிட முடிவதில்லை. அடுத்து, பாரு என்ற பெண். அவள் மனம் படித்த கிருஷ்ணனிடம், கழுத்தில் ஏறுவதோ ரங்கன் கட்டிய தாலி. இரு குடும்பங்களின் பகை அங்கிருந்து அடுத்த தலைமுறைவரை நீள்கிறது.

உறவுச் சிக்கல் இயங்கும் விதம் இதுதான். விட்டு விலக முடியாத இருவருக்கும் ஒரே பொருள் வேண்டும். இருவரிடமும் நியாயம் இருக்க வேண்டும். அந்நியரோடு சண்டை என்றால் ஊர் மாறிப் போய்விடலாம். பங்காளியை அடுத்த திருவிழாவில் பார்த்தே ஆகவேண்டும்.

இன்னொன்று காலம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். நாவலில் வயதும் பிரிவும் அந்தப் பூவைக் கொண்டே அளக்கப்படுகின்றன. நேற்றுப் பேசிய கடுஞ்சொல்லைவிட, ஒரு பூப்புக் காலம் முழுவதும் பேசாமல் விட்ட சொல் கனமானது. அதைச் சுமக்க நாவலுக்கு இடமும் பொறுமையும் வேண்டும். இன்றைய தொலைக்காட்சித் தொடர்கள் தவறவிடுவது இதைத்தான் என்பது என் கருத்து. அங்கே தினமும் ஒரு வெடிப்பு வேண்டியிருக்கிறது, மௌனம் வளர நேரமில்லை.

குடும்பக் கதை எழுத விரும்புகிறவர்கள் முதலில் இந்த நாவலைப் படியுங்கள். தேடிப் பிடிப்பதும் கடினமல்ல: ராஜம் கிருஷ்ணனின் நூல்களை அவர் உயிரோடு இருந்தபோதே, 2009இல், தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது.