உப்பளமும் புரதப் படிகமும்



ஓமந்தூருக்குக் கிழக்கே, கடலோரத்தில் உள்ள மரக்காணத்து உப்பளங்களை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். பாத்தியில் தேக்கிய உவர்நீரை வெயில் மெல்ல மெல்ல உறிஞ்சுகின்றது. எஞ்சிய நீரால் உப்பைத் தன்னுள் தாங்க இயலாத நிலை வந்ததும், உப்பு படிகமாகத் திரள்கின்றது. உயிரியல் அறிஞர்களின் அரிய முயற்சி ஒன்றுக்கும் இதுவே அடிப்படை என்றால் வியப்பன்றோ?

உடலின் வேலைகளுள் பெரும்பாலானவற்றை நடத்துபவை புரதங்கள். ஒரு புரதத்தின் வடிவம் தெரிந்தால் அதன் தொழில் விளங்கும். ஆனால், கண்ணால் காணும் ஒளியின் அலைநீளம் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. ஆதலின் அவ்வொளி அணுக்களைப் பிரித்துக் காட்டாது. எக்ஸ் கதிரின் அலைநீளமோ அணுவின் அளவினது. எனினும், ஒற்றை மூலக்கூறு சிதறும் கதிர் மிகமிகச் சொற்பம். எண்ணற்ற மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நின்றால்தான் அச்சிதறல்கள் ஒன்றோடொன்று இசைந்து, விளிம்பு விளைவினால் தெளிந்த புள்ளிகளாகப் பதியும். அவ்வணிவகுப்பே படிகம். அணி கலைந்தால் புள்ளிகள் மங்கும்.

புரதப் படிகம் மென்மையானது. அதில் ஏறத்தாழப் பாதி நீரே. உலர்ந்தால் அது குலையும். 1934-ஆம் ஆண்டில் பெர்னால், டாரதி குரோஃபுட் ஆகிய இருவரும் பெப்சின் படிகத்தை அது வளர்ந்த கரைசலிலேயே நனைந்திருக்க வைத்துப் படமெடுத்தனர். தெளிவான புள்ளிகள் கிடைத்தன.

நல்ல படிகம் வளர்க்க வழிகள் மூன்று. முதலாவது தூய்மை; வேற்றுப் பொருள் கலந்தால் அணி சீராக அமையாது. இரண்டாவது நிதானம். புரதமும் உப்பும் கலந்த சிறு துளியை மெல்லிய கண்ணாடித் தகட்டின் அடியில் தொங்கவிட்டு, செறிவு மிகுந்த உப்புக் கரைசல் உள்ள கிண்ணத்தின்மேல் காற்றுப் புகாமல் மூடுவர். துளியிலுள்ள நீர் ஆவியாகிக் கிண்ணத்தைச் சேர, துளி சிறிது சிறிதாகச் செறிவடையும். விரைந்து செறிந்தால் படிகம் தோன்றாது. உருவற்ற வண்டலே மிஞ்சும். மூன்றாவது வித்திடல், முன்னர் விளைந்த படிகத்தின் துணுக்கைப் புதிய துளியில் இட, அதன்மேல் பெரிய படிகம் வளரும்.

தூய்மையின் பயனுக்கு நம் பழைய தென்னார்க்காடு மாவட்டமே சான்று தருகின்றது. 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், உயிரணுவில் புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் சிறுபகுதியை ஆராய்ந்தார். வெந்நீரில் வாழும் பாக்டீரியத்திலிருந்து அதைப் பிரித்தபோது, ஒரு புரதம் சில துகள்களில் இருந்தது, சிலவற்றில் இல்லை. அப்புரதத்தை அறவே நீக்கியதும் படிகங்கள் மேம்பட்டன. 2000-ஆம் ஆண்டில் அணுவமைப்பு வெளியாயிற்று. காசநோயை வென்ற முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் அங்கு எவ்விடத்தில் பற்றுகின்றது என்பதும் புலனாயிற்று. கிருமிகள் மருந்துக்கு அடங்காது மிஞ்சும் இக்காலத்தில், புது மருந்து தேடுவோர்க்கு இவ்வறிவு பெருந்துணை. 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் அவர் வேதியியல் நோபெல் பரிசு பெற்றார்.

இன்று படிகமின்றியே எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் வடிவம் காணும் வழியும் உண்டு. ஆயினும் படிகம் வளர்க்கும் கலை ஓய்ந்துவிடவில்லை. நீங்களும் படிகாரக் கரைசலில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் சில நாள் காத்திருந்து பாருங்கள். கரைசலைத் தெளிவாக வைத்தலும் அவசரப்படாமையும் எத்துணைப் பெரிய கருவிகள் என்பதை அச்சிறு படிகமே உங்களுக்குக் கற்பிக்கும்.